நகத்தால் கீறக்கூடிய சிங்கம்

மாணவர்களே, ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து சிராங்கூன் சாலைப் பக்கம் வெளியே வந்தால் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலின் கோபுரம் தெரியும். 1855-இல் தோன்றிய அந்தக் கோயில் முன்பு நரசிங்கப் பெருமாள் கோயில் என்றே அழைக்கப்பட்டது. அதாவது சிங்க முகம் கொண்ட கடவுளின் கோயில். அங்கிருந்து சில நிமிடங்கள் நடந்தால் ரேஸ் கோர்ஸ் சாலையில் சாக்கிய முனி புத்த கயா கோயில். அதன் வாசலைக் காப்பவை ஒரு புலியும் ஒரு சிறுத்தையும். அதே சாலையில் இருக்கும் லியோங் சான் சீ கோயிலின் பெயருக்கு ‘டிராகன் மலைக் கோயில்’ என்று பொருள். ஒரு சின்ன வட்டாரத்துக்குள் எத்தனை காவல் விலங்குகள், பாருங்கள்!

சீனக் கோயில்களின் வாசலில் நாம் அதிகம் பார்ப்பது சிங்க இணையைத்தான். தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் உள்ள தியான் ஹொக் கெங் கோயிலுக்குப் போனவர்களுக்கு அது நினைவிருக்கும். ஆண் சிங்கத்தின் காலடியில் ஒரு பந்து, பெண் சிங்கத்தின் காலடியில் ஒரு குட்டி. இதே சிங்கம் கட்டைவிரல் உயரத்துக்குச் சுருங்கி, ஒரு சிறு கல்தூணின் உச்சியில் படுத்திருப்பதும் உண்டு. கல்லைத் தலைகீழாகத் திருப்பினால் அடிப்பக்கத்தில் யாரோ ஒருவருடைய பெயர் இடவலம் மாறிச் செதுக்கப்பட்டிருக்கும். அதுதான் சீனக் கல்முத்திரை.

சிங்கப்பூரில் முத்திரையை ‘சாப்’ என்கிறோம். கடிதத்தில் கம்பெனி சாப் இருக்கிறதா என்று அலுவலகங்களில் இன்றும் கேட்பார்கள். பழைய சீனக் கடைகள் பலவற்றின் பெயர்களும் ‘சாப்’ என்றே தொடங்கின. இது சீனச் சொல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இந்தியாவிலிருந்து வந்தது. அச்சு, பதிவு என்று பொருள்படும் இந்திச் சொல் வணிகர்களின் வாய்வழியே கிழக்கே வந்து, சீனர்களின் முத்திரைக்கே பெயராகிவிட்டது.

சிங்கமும் அப்படி வந்த விருந்தாளிதான். சீனாவின் காடுகளில் சிங்கம் வாழ்ந்ததில்லை. மேற்கே இருந்த அரசுகள் முதலாம் நூற்றாண்டில் ஹான் பேரரசருக்குச் சிங்கங்களைப் பரிசாக அனுப்பியதாகச் சீன வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. அதன்பின் பௌத்தத்தோடு சிங்கத்தின் உருவமும் பரவியது. செதுக்கியவர்களில் மிகப் பலர் உயிருள்ள சிங்கத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அல்லர். பிடரி மயிர் நத்தை ஓடு போலச் சுருண்டிருப்பதும், முகம் சில நேரம் நாய்க்குட்டியை நினைவூட்டுவதும் அதனால்தான். நம் கோயில் தூண்களில் இருக்கும் யாளியைச் செதுக்கிய சிற்பிகளும் கற்பனையைத்தானே நம்பினார்கள்!

தமிழர்களுக்கு நெருக்கமான ஒரு சாட்சி சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் இருக்கிறது. அங்குள்ள சுவான்சோ துறைமுக நகரில் தமிழ் வணிகர்கள் ஒரு சிவன் கோயில் கட்டினார்கள். அதைப் பற்றிய 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதே நகரின் கையுவான் பௌத்தக் கோயிலின் மேடையில், மனித முகமும் சிங்க உடலும் கொண்ட புடைப்புச் சிற்பங்கள் 70-க்கும் மேல் பதிக்கப்பட்டுள்ளன. சிங்கப்பூரின் ஹொக்கியன் மக்களில் பலருடைய முன்னோர் இந்த வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். நம் முத்திரைக்கல்லும் ஃபூஜியன்காரர்தான்.

கல் மாறியது, கலை மாறியது

பழைய சீன முத்திரைகள் பெரும்பாலும் வெண்கலத்தாலும் ஜேடு கல்லாலும் ஆனவை. அரச குடும்பத்துக்கும் சிற்றரசர்களுக்கும் தங்கத்திலும் செய்தார்கள். முத்திரையின் உச்சியில் உள்ள கைப்பிடி உருவம் பதவியைக் காட்டியது. ஹான் காலத்தில் உயர் அதிகாரிகளுக்கு ஆமை உருவம் வழங்கப்பட்டது. 1784-இல் ஜப்பானில் ஒரு வயலில் கிடைத்த புகழ்பெற்ற தங்க முத்திரையின் உச்சியில் ஒரு பாம்பு சுருண்டு கிடக்கிறது. உருவத்தின் அடியில் துளையிட்டு, கயிறு கோத்து, இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். கைப்பிடி அழகுக்காக மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மிக மென்மையான டால்க் 1, வைரம் 10. நம் விரல் நகம் ஏறக்குறைய 2.5. எஃகுக் கத்தி 5.5. ஜேடு கல் 6-க்கும் 7-க்கும் இடையில் வருகிறது. எண்களைப் பார்த்ததும் உங்களுக்கே புரிந்திருக்கும்: கத்தியால் ஜேடைச் செதுக்க முடியாது. அதைவிடக் கடினமான மணல்துகளைத் தண்ணீரோடு கலந்து, சிறு சக்கரத்தால் மணிக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துத்தான் கோடு போட வேண்டும். வெண்கலமோ உருக்கி வார்க்க வேண்டிய பொருள். இரண்டுக்கும் பட்டறை தேவை. அறிஞர் எழுத்தை வரைந்து கொடுப்பார், தொழிலாளி அதைச் செய்து தருவார்.

14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் மியன் என்ற ஓவியர்தான் மென்மையான கல்லை எடுத்துத் தம் முத்திரையைத் தாமே செதுக்கத் தொடங்கியவர் என்று மரபாகச் சொல்கிறார்கள். பிறகு வென் பெங் (1498–1573) என்ற அறிஞர் ஜெஜியாங் மாநிலத்தின் சிங்தியன் கல்லைப் பரவலாக்கினார். கத்தியைப் பேனா போல ஓட்ட முடிந்ததும் ஓவியரும் கவிஞரும் செதுக்குநர் ஆகிவிட்டார்கள். முத்திரை, ஓவியத்துக்கும் கவிதைக்கும் பக்கத்தில் உட்காரும் கலையாயிற்று. இந்தக் கலைக்கென்றே 1904-இல் ஹாங்சோ நகரில் ஒரு சங்கம் தோன்றியது. 2009-இல் யுனெஸ்கோ இதை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு கனிமத்தின் கடினத்தன்மை 6-இலிருந்து 2-க்கு இறங்கியதால் ஒரு கலையின் தலைவிதியே மாறியது என்று சொன்னால் மிகையில்லை என்பது என் எண்ணம்.

கைப்பிடிச் சிங்கங்களுக்கும் அதுவே பொற்காலத்தைக் கொண்டுவந்தது. ஃபூஜியன் தலைநகர் ஃபூசோவுக்கு அருகில் ஷோஷான் என்ற மலைக்கிராமம் இருக்கிறது. அங்கு கிடைக்கும் கல்லில் 17-ஆம் நூற்றாண்டில் யாங் யூஷுவான் என்ற சிற்பி செதுக்கிய விலங்குகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். பெரிய சிங்கமும் குட்டிச் சிங்கமும் சேர்ந்திருக்கும் கைப்பிடியில் ஒரு சொல் விளையாட்டும் ஒளிந்திருக்கிறது. சீனத்தில் சிங்கத்தைக் குறிக்கும் சொல்லும், அரசரின் ஆசான் என்ற உயர்பதவியைக் குறிக்கும் சொல்லும் ‘ஷி’ என்றே ஒலிக்கும். தந்தைக்குப் பின் மகனும் உயர்பதவி பெறட்டும் என்பது அந்தச் சிலையில் சொல்லப்படாத வாழ்த்து.

மென்மைக்குக் காரணம் என்ன?

உங்கள் பாட்டி வீட்டில் கல்சட்டி இருக்கிறதா? வற்றல் குழம்பு கொதித்து இறக்கிய பிறகும் நெடுநேரம் சூடு ஆறாதே, அந்தச் சட்டிதான். சேலம் பக்கத்து மாக்கல்லைக் குடைந்து செய்வார்கள். தாத்தா காலத்தில் சிலேட்டில் எழுதிய பலப்பமும் இதே குடும்பத்து மென்கல்தான். மாக்கல்லின் முக்கியக் கனிமம் டால்க். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடருக்குப் பெயர் கொடுத்ததும் அதுவே.

ஷோஷான் கல்லும் சிங்தியன் கல்லும் தொட்டுப் பார்க்க மாக்கல் போலவே வழுவழுப்பாக இருக்கும். ஆனால் அவற்றில் அதிகம் இருப்பவை டால்க் அல்ல. பைரோஃபிலைட், டிக்கைட் ஆகிய கனிமங்கள். டால்க்கில் மெக்னீசியம் இருக்கும் இடத்தில் இவற்றில் அலுமினியம் இருக்கிறது. அமைப்பில் டால்க்கும் பைரோஃபிலைட்டும் இரட்டைப் பிள்ளைகள். சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த இரண்டு படலங்களுக்கு நடுவே அலுமினியப் படலம் ஒன்று மாட்டிக்கொண்டிருக்கும், இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் காயா தடவியது போல. ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் பிணைப்பு மிக வலுவானது. ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையில் இருப்பதோ வான் டெர் வால்ஸ் விசை என்ற மெல்லிய ஈர்ப்பு மட்டுமே. விரலால் அழுத்தித் தள்ளினால் அடுக்குகள் சீட்டுக்கட்டு போலச் சரிகின்றன. அந்த வழுவழுப்பு உணர்வு வருவது இதனால்தான்.

இங்கே கெட்டிக்கார மாணவர் ஒருவர் கை தூக்குவார். “மைக்காவும் அடுக்கடுக்கானதுதானே? அது தகடு தகடாக உரிகிறதே! இந்தக் கல் ஏன் உரியவில்லை?”

நல்ல கேள்வி. மைக்காவில் ஒரே படிகம் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருக்கும். எல்லா அடுக்கும் ஒரே திசையில் கிடப்பதால் உரிகிறது. முத்திரைக்கல்லில் படிகங்கள் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணியவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக்கொண்டு, கம்பளி நூல்போலப் பின்னிக் கிடக்கின்றன. கத்தி எந்தப் பக்கம் போனாலும் ஒரே அளவு எதிர்ப்புதான். எனவே தலைமுடி அளவு கோட்டைக்கூடச் சிதறாமல் போடலாம். வெறும் மென்மை போதாது, நுண்மையும் வேண்டும். சாக்பீஸும் மென்மையானதுதான், அதில் சிங்கத்தின் பிடரியைச் செதுக்கிப் பாருங்கள், தெரியும்!

டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் ஃபூஜியன் கடலோரம் முழுவதும் எரிமலைப் பகுதி. எரிமலைப் பாறைகளின் விரிசல்களுக்குள் சூடான, அமிலத்தன்மை கொண்ட நீர் ஊறி, பாறையிலிருந்த ஃபெல்ட்ஸ்பார் போன்ற கடினக் கனிமங்களைச் சிதைத்து மென்மையான கனிமங்களாக மாற்றியது. கூடவே வந்த இரும்பு, கல்லுக்கு மஞ்சளும் சிவப்பும் பூசியது. மலையிலிருந்து உடைந்து விழுந்த சில துண்டுகள் ஷோஷான் ஓடையோர வயல்மண்ணில் நெடுங்காலம் புதைந்து கிடந்து, தேன் நிறம் அடைந்தன. ‘வயல் மஞ்சள்’ என்று பொருள்படும் தியன்ஹுவாங் கற்கள் அவை. மிக அரிதானவை என்பதால் விலையும் அதற்கேற்ப இருக்கும்.

சில கற்களில் கோழி இரத்தம் தெறித்தது போலச் சிவப்புத் திட்டுகள் இருக்கும். அது இரும்பு அல்ல. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம். முத்திரை பதிக்கப் பயன்படும் மரபான சிவப்பு மையும் சாதிலிங்கப் பொடியை ஆமணக்கெண்ணெயிலும் தாவர நாரிலும் குழைத்துச் செய்வதுதான். எனவே பழைய மையைத் தொட்டால் கையைக் கழுவுங்கள். இத்தகைய கல்லையோ மையையோ ஒருபோதும் சூடாக்கக் கூடாது. பாதரச ஆவி வரும், அது நஞ்சு.

இது பழையதா?

ஃபேரர் பார்க்கிலிருந்து நடக்கும் தூரத்தில், 2017 ஜூலை வரை சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை நடந்து வந்தது. அதுபோன்ற ஓர் இடத்தில் சிங்கத் தலையோடு ஒரு முத்திரையை ஒருவர் உங்களிடம் நீட்டி, “சிங் வம்சத்துச் சாமான், இருநூறு வருஷம் பழசு” என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அறிவியல் மாணவராக நீங்கள் என்ன செய்வீர்கள்?

முதலில் நினைவுக்கு வருவது கார்பன் காலக்கணிப்பு. அது இங்கே உதவாது. இறந்துபோன உயிர்ப்பொருளில் எஞ்சியிருக்கும் கார்பனை அளக்கும் முறை அது. கல் உயிர்ப்பொருள் அல்ல. வேறு முறைகளால் கல்லின் வயதைக் கண்டுபிடித்தாலும், கோடிக்கணக்கான ஆண்டுகள் என்றுதான் விடை வரும். கல் தோன்றிய நாள் வேறு, கத்தி பட்ட நாள் வேறு. நேற்றுச் செதுக்கியதும் முந்நூறு ஆண்டுக்கு முன் செதுக்கியதும் ஒரே பாறையிலிருந்து வந்திருக்கலாம்.

சரி, உண்மையான கல்லா, பிளாஸ்டிக் வார்ப்பா என்றாவது பார்க்கலாமா? பார்க்கலாம். கீறிப் பார்ப்பது வேண்டாம். பழைய பொருளாக இருந்தால் நாமே அதைக் கெடுத்தவர்கள் ஆவோம். அடர்த்தியை அளக்கலாம். டிஜிட்டல் சமையல் தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்து எண்ணைப் பூச்சியம் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டி, குவளையின் அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதும் முங்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் எண்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். கல்லின் எடை 81 கிராம், தராசு காட்டுவது 30 என்றால் அடர்த்தி 2.7. முத்திரைக்கற்கள் பெரும்பாலும் 2.6-க்கும் 2.9-க்கும் இடையில் வரும். பிளாஸ்டிக் பிசின் என்றால் 1.2 அளவில் நின்றுவிடும். முதலில் ஒரு கூழாங்கல்லை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். வீட்டில் உண்மையான பழைய முத்திரை இருந்தால் அதை நீரில் முக்க வேண்டாம். ஷோஷான் கற்களுக்கு எண்ணெய் பூசிப் பாதுகாப்பது வழக்கம்.

ஆனால் ஒன்று. சலவைக்கல்லின் அடர்த்தியும் 2.7-தான். ஆகவே 1.2 வந்தால் “இது கல் இல்லை” என்று உறுதியாகச் சொல்லலாம். 2.7 வந்தால் “இது ஷோஷான் கல்தான்” என்று சொல்ல முடியாது. ஒரு சோதனை எதை மறுக்கும், எதை நிறுவாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் மிகக் கடினமான பாடம். ஆய்வாளர்கள் அடுத்த படியாக எக்ஸ் கதிர்களைக் கல்லின் மேல் செலுத்தி, அவை சிதறும் கோணங்களை வைத்து எந்தக் கனிமம் என்று கண்டறிவார்கள். அதுவும் கல்லின் பெயரைச் சொல்லும், செதுக்கிய ஆண்டைச் சொல்லாது.

ஆண்டை அறிய உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். மின்கருவியின் சுழலும் முனை விடும் தடம் வேறு, கைக்கத்தியின் தடம் வேறு. சிங்கத்தின் முதுகு பலர் கைபட்டு மழுங்கியிருக்கிறதா, காதுக்கும் பிடரிக்கும் இடையிலுள்ள பள்ளம் மட்டும் கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லா இடமும் ஒரே அளவு மழுங்கியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். இயற்கையான தேய்மானம், விரல் படும் இடத்தில்தான் விழும்.

கல்லின் பக்கவாட்டில் சில நேரம் செதுக்கியவரின் பெயரும் ஆண்டும் இருக்கும். ஆண்டு இருக்கிறதே, இனி என்ன கவலை என்கிறீர்களா? நம் பிரபவ முதல் அட்சய வரையிலான ஆண்டுகளைப் போலவே, சீனர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுழற்சி உண்டு. அதன் முதல் ஆண்டின் பெயர் பொறித்திருந்தால் அது 1804-ஆகவும் இருக்கலாம், 1864, 1924, 1984-ஆகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு, பழைய ஆண்டைப் புதிய கல்லில் வெட்டுவதற்கு யாருக்கும் தடையில்லை.

மிக நம்பகமான சான்று கல்லில் இல்லை, தாளில் இருக்கிறது. ஒரு முத்திரையை அதன் சொந்தக்காரர் பல ஆண்டுகள் தம் ஓவியங்களிலும் கடிதங்களிலும் பதித்திருப்பார். மென்கல் என்பதால் ஓரம் அவ்வப்போது உடையும். இந்த ஆண்டுப் பதிவில் மூலை முழுமையாக இருக்கும், பத்து ஆண்டு கழித்த பதிவில் அங்கே ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். கையில் உள்ள கல்லின் உடைசல்களும் தேதி தெரிந்த தாள்களில் உள்ள பதிவுகளும் வரிசையாகப் பொருந்தினால் அது ஏறக்குறைய கைரேகை போன்ற சான்று. கல்லின் பலவீனம் துப்பறிய உதவுகிறது, பாருங்கள்.

மென்கல்லில் முத்திரை வெட்டும் எண்ணம் சீனர்களுக்கு மட்டும் வந்ததல்ல. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளி மக்கள் மாக்கல்லில் விலங்கையும் எழுத்தையும் செதுக்கினார்கள். பின்புறம் துளையிட்ட குமிழ் ஒன்றும் வைத்தார்கள், கயிறு கோக்க. செதுக்கி முடித்ததும் சூளையில் சுட்டார்கள். கடும் வெப்பத்தில் டால்க்கின் அடுக்குகளிலிருந்து நீர் வெளியேறி, அது வேறொரு கடினமான கனிமமாக மாறிவிடும். செதுக்கும்போது மென்மை, பயன்படுத்தும்போது வன்மை! சீன முத்திரைக்கல்லில் இந்த வித்தையை முயல வேண்டாம். பைரோஃபிலைட் என்ற பெயருக்கே கிரேக்கத்தில் ‘நெருப்பு இலை’ என்று பொருள். அந்தக் கனிமத் துண்டைச் சுட்டால் இலை இலையாக விரிந்து உதிரும்.

செய்து பாருங்கள்

குளியல் சோப்புக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மென்மை, நுண்மை இரண்டும் அதில் உண்டு. அடிப்பக்கத்தை ஈரத் துணியால் தேய்த்துச் சமமாக்கி, உலரவிட்டு, பல்குத்தும் குச்சியால் உங்கள் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்குங்கள். மேல்பக்கம் சிங்கமோ யாளியோ உங்கள் விருப்பம். நீர்வண்ணத்தை மெல்லப் பூசித் தாளில் பதியுங்கள். எழுத்தையே குழியாக வெட்டினால், சிவப்புக்கு நடுவில் எழுத்து வெள்ளையாக விழும். எழுத்தைச் சுற்றியுள்ள பகுதியைக் குடைந்து எடுத்தால் எழுத்து சிவப்பாக விழும். சீன முத்திரைகளிலும் இந்த இரண்டு வகைகள்தான்.

‘ப’ என்ற எழுத்துக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். அதை எப்படிச் செதுக்கினாலும் சரியாகவே விழும். மலையைக் குறிக்கும் சீன எழுத்துக்கும் அதே சலுகை உண்டு. ‘ட’ என்ற எழுத்தோ காலை மறுபக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். இடவலம் மாற்றினாலும் மாறாத தமிழ் எழுத்துகள் வேறு எவை? கண்ணாடி முன் நின்று 247-ஐயும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.